மந்தகாலத்தில் வரியுயர்வும் தொழிற்சங்கங்களும்: 1931 தரும் படிப்பினை

நாட்டின் பொருளாதாரம் மந்தமுறும்போது அரசாங்கத்தின் வருமானம் குறைகின்றது. அதே வேளையில் வேலையிழந்தோர்க்கும் வறியோர்க்கும் அரசாங்கம் செய்யவேண்டிய செலவோ கூடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே தோன்றும் இடைவெளியை நிரப்புவதற்கு வழிகள் நான்கே உள. செலவைக் குறைக்கலாம், கடன் வாங்கலாம், பணத்தை அச்சிடலாம், வரியை உயர்த்தலாம். செலவுக் குறைப்பைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பது இயல்பு. கடன் கிடைக்குமாயின் அதனை அவை எதிர்ப்பதில்லை. பணத்தை அச்சிடுவதன் விளைவு விலைவாசியாக வந்து சேரும்வரை அதனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. எஞ்சியிருப்பது வரி. வரியுயர்வு பற்றித் தொழிற்சங்கங்கள் கொள்ளவேண்டிய நிலைப்பாடு யாது? உழைப்போர் வருந்தும் காலத்தில் வரியுயர்வை ஆதரிப்பது அவர்களுக்கு இழைக்கும் துரோகமாகுமா? அன்றி, அதனை எதிர்ப்பதே துரோகமாக முடியுமா?

இவ்வினா நமக்குப் புதியதன்று. 2022 ஆம் ஆண்டின் பின்னர் நம் நாட்டு வீதிகளிலே அது உரத்து ஒலித்தது. எனினும், அண்மைக்கால நிகழ்ச்சிகளை அண்மையிலே நின்று நோக்கும்போது நம் சொந்த நலன் கண்ணை மறைத்தல் கூடும். ஆதலின், சற்றுத் தொலைவிலுள்ள ஒரு நிகழ்ச்சியை முதலில் ஆராய்ந்து, அதன் ஒளியிலே நம் நாட்டு அனுபவத்தை நோக்குதல் பொருத்தமாகும். அந்நிகழ்ச்சி 1931 ஆகஸ்டிலே பிரித்தானியாவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியாகும். மந்தகாலத்தில் வரிபற்றித் தனக்கென ஒரு கொள்கையைத் தொழிற்சங்க இயக்கமொன்று அரசாங்கத்தின் முன் நேருக்கு நேர் வைத்த சந்தர்ப்பங்களுள் அது முக்கியமானது.

1931: நெருக்கடியின் பின்னணி

முதலாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியா 1925 இல் பொன் நியமத்துக்கு மீண்டது. நாணயத்தின் பெறுமதியைப் பொன்னோடு பிணைத்து வைக்கும் இம்முறை, போருக்கு முந்திய உயர்ந்த பெறுமதியிலேயே பவுணை நிலைநிறுத்தியது. இதனால் ஏற்றுமதிக் கைத்தொழில்கள் தளர்ந்தன. நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். 1926 இன் பொது வேலைநிறுத்தம் அதனைத் தொடர்ந்து நிகழ்ந்தது. அவ்வேலைநிறுத்தம் தோல்வியுற்ற மூன்றாண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் தோன்றியது. 1931 இன் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அக்காலத்தில் ஆட்சியிலிருந்தது தொழிற் கட்சி அரசாங்கமாகும். ராம்சே மக்டொனால்ட் பிரதமராகவும் பிலிப் ஸ்னோடன் நிதியமைச்சராகவும் விளங்கினர். பாராளுமன்றத்தில் அறுதிப் பெரும்பான்மை அவர்களுக்கில்லை. வேலையற்றோர் பெருகப் பெருக வேலையின்மைக் காப்புறுதி நிதி கடனில் மூழ்கியது. இந்நிலையில், அரசாங்கச் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய 1931 மார்ச்சில் சேர் ஜோர்ஜ் மே என்பவர் தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது. இவர் காப்புறுதிக் கம்பனியொன்றின் உயர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். ஜூலை 31 ஆம் திகதி வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, வரவு செலவுத் திட்டத்தில் 12 கோடிப் பவுண் பற்றாக்குறை ஏற்படுமென்று கூறியது. அதனை ஈடுசெய்ய 9 கோடியே 65 இலட்சம் பவுணுக்குச் செலவைக் குறைக்கவேண்டுமென்றும், அதில் 6 கோடியே 65 இலட்சத்தை வேலையின்மைக் காப்புறுதியிலிருந்தே பெறவேண்டுமென்றும் அது விதந்துரைத்தது. வேலையற்றோர் கொடுப்பனவை 20 சதவீதத்தால் குறைப்பது அதன் முக்கிய ஆலோசனையாகும்.

குழுவின் உறுப்பினருள் இருவர் இம்முடிவை ஏற்கவில்லை. அவருள் ஒருவர் இரும்பு உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவரான ஆதர் பியூ. மற்றவர் சார்ள்ஸ் லதம். நெருக்கடியின் சுமையை எல்லோரும் தத்தம் வசதிக்கேற்பச் சுமக்கவேண்டும் என்பதே அவ்விருவரின் சிறுபான்மை அறிக்கையின் சாரம். அவ்வறிக்கையை அன்று பொருட்படுத்தியோர் சிலரே. பெரும்பான்மை அறிக்கை வெளியானதும் வெளிநாட்டார் பவுணிலே வைத்த நம்பிக்கை தளர்ந்தது. பொன் வெளியேறத் தொடங்கியது. நியூயோர்க், பாரிஸ் வங்கிகளிடம் கடன் பெற்றாலன்றிப் பொன் நியமத்தைக் காக்க இயலாதென்ற நிலை தோன்றிற்று. கடன் கொடுப்போரோ செலவுக் குறைப்பை எதிர்பார்த்தனர்.

தொழிற்சங்கக் காங்கிரஸின் மாற்றுத் திட்டம்

ஆகஸ்ட் 20 ஆம் திகதி அமைச்சரவையின் சிக்கனக் குழுவினர், தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுச் சபையினரைச் சந்தித்துத் தம் திட்டத்தை எடுத்துரைத்தனர். பொதுச் சபையின் சார்பிலே முன்னின்றோருள் பொதுச் செயலாளர் வோல்டர் சிற்ரினும், போக்குவரத்துப் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஏர்னஸ்ட் பெவினும் குறிப்பிடத்தக்கவர்கள். பெவின் பொருளாதார விடயங்களிலே அனுபவமற்றவரல்லர். நிதியும் கைத்தொழிலும் பற்றி ஆராய்ந்து 1931 ஜூலையில் அறிக்கை வெளியிட்ட மக்மில்லன் குழுவிலே பொருளியலறிஞர் கெயின்சுடன் உறுப்பினராக இருந்தவர்.

பொதுச் சபை அன்று மாலையே தன் மறுமொழியைத் தெரிவித்தது. வேலையற்றோர் கொடுப்பனவைக் குறைப்பதையும் ஆசிரியர் முதலிய அரசாங்க ஊழியரின் சம்பளத்தை வெட்டுவதையும் அது ஏற்க மறுத்தது. அம்மறுப்போடு அது நின்றிருப்பின், இன்று நாம் அதனை ஆராய வேண்டிய அவசியம் எழாது. மறுப்புடன் மாற்றுத் திட்டமொன்றையும் அது முன்வைத்தது. அத்திட்டத்தின் முக்கிய அம்சங்கள் மூன்று.

ஒன்று, வேலையின்மைக் காப்புறுதிக்கான பழைய முறையை ஒழித்து, சமுதாயம் முழுவதன் மீதும் வருமானத்துக்கேற்பப் படிமுறையாக அமையும் வரியொன்றை விதித்தல். இரண்டு, நிலையான வட்டி தரும் முறிகளிலிருந்து பெறும் வருமானம் போன்ற உழைக்காமல் வரும் வருமானத்தின் மீது புதிய வரி விதித்தல். மூன்று, பழைய அரசாங்கக் கடனைத் தீர்ப்பதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் கடன் தீர்ப்பு நிதியை நெருக்கடி தீரும்வரை நிறுத்திவைத்தல். இறக்குமதிப் பொருட்களுக்குச் சுங்கவரி விதிப்பதும் ஆலோசிக்கப்பட்டதெனினும் அது பற்றிச் சங்கங்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை.

இத்திட்டத்தின் முதலாவது அம்சம் கூர்ந்து நோக்கத்தக்கது. அதுவரை நிலவிய காப்புறுதி முறையிலே தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய மூவரும் பணம் செலுத்தினர். தொழிலாளி செலுத்திய தொகை அவனது கூலியின் அளவைப் பொறுத்து மாறவில்லை. குறைந்த கூலி பெறுபவனும் கூடிய கூலி பெறுபவனும் ஒரே தொகையைச் செலுத்தினர். காப்புறுதிக்கு வெளியேயிருந்த செல்வரோ அந்நிதிக்கு நேரடியாக எதுவும் செலுத்தவில்லை. இதற்குப் பதிலாகப் படிமுறை வரியொன்று எல்லோர் மீதும் விதிக்கப்படவேண்டுமென்று கோரியபோது, தொழிற்சங்கங்கள் தம் சொந்த உறுப்பினரை அவ்வரியிலிருந்து விலக்குமாறு கேட்கவில்லை. வேலையிலிருப்போர் தம் வசதிக்கேற்பச் செலுத்துவர். தம்மினும் வசதி மிக்கோர் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்பதே அவற்றின் நிலைப்பாடு. இதுவே அத்திட்டத்துக்கு ஒழுக்க வலிமையை அளித்தது எனலாம்.

இரண்டாவது அம்சமும் ஆழ்ந்த பொருளியல் அறிவின்பாற்பட்டது. மந்தகாலத்தில் விலைகள் வீழ்ச்சியடைகின்றன. விலைகள் வீழும்போது கூலி குறைகின்றது, இலாபம் குறைகின்றது, ஆனால், முன்னரே நிர்ணயிக்கப்பட்ட வட்டியைப் பெறுபவர் பெறும் தொகை குறைவதில்லை. அத்தொகையின் கொள்வனவுச் சக்தியோ கூடுகின்றது. எனவே மந்தத்தினால் நன்மையடைந்தோருள் கடன் முறிகளை வைத்திருந்தோரும் அடங்குவர். வேலையற்றவனின் கொடுப்பனவும் விலைவீழ்ச்சியினால் பெறுமதி கூடிவிட்டதென்பது கொடுப்பனவைக் குறைக்க விரும்பியோரின் முக்கிய வாதமாக இருந்தது. அவ்வாதம் வேலையற்றவனுக்குப் பொருந்துமெனின் வட்டி பெறுபவனுக்கு அதனினும் கூடுதலாகப் பொருந்தவேண்டுமன்றோ?

விளைவு

ஸ்னோடன் இத்திட்டத்தை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 23 ஆம் திகதி வேலையற்றோர் கொடுப்பனவை 10 சதவீதத்தால் குறைக்கும் ஆலோசனையின் மீது அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. ஒன்பது அமைச்சர்கள் அதனை எதிர்த்து நின்றனர். மறுநாள் தொழிற் கட்சி அரசாங்கம் முடிவுக்கு வந்தது. மக்டொனால்ட் பழைமைக் கட்சியினருடனும் தாராண்மைக் கட்சியினருடனும் சேர்ந்து தேசிய அரசாங்கத்தை அமைத்தார். அக்டோபர் 27 ஆம் திகதி நடந்த தேர்தலில் 1929 இல் 287 ஆசனங்களைப் பெற்ற தொழிற் கட்சி 52 ஆசனங்களாகக் குறுகியது.

இதனைக் கொண்டு தொழிற்சங்கங்களின் நிலைப்பாடு தவறென்று கூறுவோர் உளர். ஆயின் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். செப்டம்பர் 10 ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட அவசர வரவு செலவுத் திட்டத்திலே அதே ஸ்னோடன் வருமான வரியைப் பவுணுக்கு 4 சிலிங் 6 பென்ஸிலிருந்து 5 சிலிங்காக உயர்த்தினார். கடன் தீர்ப்பு நிதிக்கான ஒதுக்கீட்டையும் குறைத்தார். நேர்வரியை உயர்த்தவும் கடன் தீர்ப்பைத் தள்ளிவைக்கவும் வழியிருந்தது என்பதை அவரது வரவு செலவுத் திட்டமே காட்டிற்று. ஆனால் அவற்றுடன் பியர், புகையிலை, பெற்றோல், களியாட்டம் ஆகியவற்றின் மீதான வரிகளும் உயர்ந்தன. வேலையற்ற ஆடவரின் வாராந்தக் கொடுப்பனவு 17 சிலிங்கிலிருந்து 15 சிலிங் 3 பென்ஸாகக் குறைந்தது. குடும்பத்தின் வருமானத்தைத் துருவி ஆராய்ந்த பின்னரே நீண்டகாலம் வேலையற்றிருந்தோர்க்கு உதவி வழங்கும் முறை அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மகனின் கூலியைக் காட்டித் தந்தையின் கொடுப்பனவைக் குறைத்த அம்முறை, ஒரு தலைமுறையின் நெஞ்சிலே ஆறாத வடுவாயிற்று.

இத்தனை செய்தும் பொன் நியமத்தைக் காக்க முடிந்ததா? செப்டம்பர் 15 ஆம் திகதி இன்வர்கோர்டனில் கடற்படையினர் சம்பள வெட்டை எதிர்த்துப் பணிசெய்ய மறுத்தனர். செப்டம்பர் 21 ஆம் திகதி பிரித்தானியா பொன் நியமத்தைக் கைவிட்டது. எதனைக் காப்பதற்காக வேலையற்றவனின் உணவிலே கைவைக்கப்பட்டதோ அது நான்கு வாரங்கூட நிலைக்கவில்லை. மேலும் 1932 இல் ஏறத்தாழ 200 கோடிப் பவுண் பெறுமதியான போர்க்கடன் முறிகளின் வட்டி 5 சதவீதத்திலிருந்து மூன்றரைச் சதவீதமாக மாற்றப்பட்டது. முறி வைத்திருந்தோர் தியாகஞ் செய்தல் இயலாதென்று 1931 ஆகஸ்டிலே கருதப்பட்டது. ஓராண்டுக்குள் அதனைத் தேசிய அரசாங்கமே செய்து முடித்தது.

ஆகவே 1931 இல் தொழிற்சங்கங்கள் தோற்றது அவற்றின் கருத்துப் பிழையானமையால் அன்று. அக்கருத்து ஒரு மாலைப் பொழுதில், மூடிய அறையொன்றிலே, நெருக்கடியின் கடைசி வாரத்தில் முன்வைக்கப்பட்டமையே அவற்றின் பலவீனமாகும். வரி பற்றிய விளக்கத்தைத் தம் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரிடையே பல்லாண்டுகளாகப் பரப்பி, அதனை ஒரு மக்கள் கோரிக்கையாக வளர்த்திருப்பின் நிலைமை வேறாக இருந்திருத்தல் கூடும்.

ஒரு மறுப்பு

இங்கே பொருளியல் மாணவர் ஒரு தடையை எழுப்புவர். மந்தகாலத்தில் வரியை உயர்த்தினால் மக்களின் கொள்வனவுச் சக்தி மேலும் குறைந்து மந்தம் ஆழமாகும் என்பது 1936 இல் வெளிவந்த கெயின்சின் பொதுக் கோட்பாட்டுக்குப் பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட உண்மையாகும். கடன் பெறும் வசதியுள்ள நாடு மந்தகாலத்தில் வரியை உயர்த்தாது கடன் பெற்றுச் செலவிடுதலே தகும். இதனை மறுத்தற்கில்லை.

எனினும் இரண்டு விடயங்களைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, எல்லா வரியும் கொள்வனவை ஒரே அளவிற் குறைப்பதில்லை. வறியவன் தன் வருமானம் முழுவதையும் செலவிடுகிறான். அவனிடமிருந்து பெறும் ஒவ்வொரு ரூபாவும் சந்தையிலே ஒரு ரூபாவைக் குறைக்கிறது. செல்வன் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமிக்கிறான். அவனிடமிருந்து பெறும் வரியின் ஒரு கூறு அச்சேமிப்பிலிருந்தே வருகிறது. அவ்வரியைக் கொண்டு வறியவனின் உதவிப்பணம் காக்கப்படுமெனின் மொத்தக் கொள்வனவு குறையாது, கூடவும் கூடும். இரண்டாவது, கடன் கொடுப்பாரின்றி நிற்கும் நாட்டுக்குக் கெயின்சின் வழி திறந்திருப்பதில்லை. அத்தகைய நாட்டின் முன் இருப்பவை வெட்டு, அச்சடித்த பணம், வரி என்னும் மூன்றுமே. நம் நாடு அந்நிலையை நன்கு அறியும்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையில் வருமான வரி பிறந்ததே ஒரு மந்தகாலத்தில்தான் என்பது பலரும் கவனியாத செய்தி. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்து, சுங்க வருமானம் குன்றிய வேளையில், டொனமூர் அரசியல் யாப்பின்கீழ் 1931 இல் அமைந்த அரசாங்க சபையின் காலத்தில், 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் குடியேற்ற அரசாங்கத்தின் வருமானம் பெரிதும் சுங்கத் தீர்வைகளிலே தங்கியிருந்தது. நுகர்வோன் கொடுத்த விலையினுள்ளே அவ்வரி மறைந்திருந்தது. தோட்டத்துச் சொந்தக்காரனின் வருமானத்தை வரி நேரே தீண்டியது அதுவே முதல் தடவை.

ஆனால் அவ்வரியை வரவேற்று வலுப்படுத்தும் நிலையில் அன்றைய தொழிலாளர் இயக்கம் இருக்கவில்லை. 1920 களிலே ஏ. ஈ. குணசிங்க தலைமையில் கொழும்பை உலுக்கிய இலங்கைத் தொழிலாளர் சங்கம், மந்தகாலத்தில் வேலைக்குப் போட்டியிட்ட மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. மலையகத்தில் கோ. நடேசய்யர் 1931 இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் இளமைப் பருவத்திலேயே இருந்தது. தோட்டங்களிலே கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரந் தொழிலாளர் இந்தியாவுக்குத் திரும்பினர். செல்வர் மீது வரி விதிப்பதா, தொழிலாளியின் கூலியைக் குறைப்பதா என்னும் வினா ஒரே காலத்தில் எழுந்தும் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் இயக்கம் ஒன்று நாட்டில் உருவாகவில்லை.

இரண்டாவது சந்தர்ப்பம் 1953. கொரிய யுத்தத்தினால் ஏற்பட்ட ஏற்றுமதிச் செழிப்பு மறைந்து வெளிநாட்டு நாணய ஒதுக்கு வீழ்ந்தபோது, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன அரிசி மானியத்தை வெட்டினார். பங்கீட்டரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அழைத்த ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலை பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டது.

ஹர்த்தால் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றின் மகத்தான எழுச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அரிசிக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும் என்னும் வினாவுக்குரிய விடை அந்த எழுச்சியின் கொடியாக உயரவில்லை. அவ்விடை ஆறாண்டுகளின் பின்னர், மக்கள் இயக்கத்திலிருந்தன்றி, கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோரின் ஆலோசனையிலிருந்து வந்தது. 1959 இல் செல்வ வரி, செலவின வரி, நன்கொடை வரி ஆகியன சட்டமாயின. அவற்றைக் காக்க வீதியிலே எவரும் நிற்கவில்லை. நிருவாகச் சிக்கல்களும் விலக்குகளும் அவற்றை அரித்தன. காலப்போக்கில் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 1980 ஜூலை வேலைநிறுத்தத்திலே பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்து தொழிற்சங்கங்கள் நலிந்தன. 1998 இல் பொருட்கள் சேவைகள் வரியும் 2002 இல் பெறுமதிசேர் வரியும் வந்தன. வரிச்சுமை மீண்டும் கடைக்கு வருபவனின் பையிலே இறங்கியது. ஊரவர் அறிந்து போற்றாத வரி நீடித்து நில்லாதென்பதே கல்டோர் வரிகளின் கதையிலிருந்து நாம் பெறும் பாடம்.

2019 முதல் 2025 வரை

2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட வரி கைவிடப்பட்டது. வருமான வரி விலக்கெல்லை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அன்று பெரிய எதிர்ப்பெதுவும் எழவில்லை. சம்பளப் பட்டியலிலே கூடிய தொகையைக் கண்டு மகிழாதோர் யார்? கொள்ளை நோய்க் காலமும் உடன் வந்தது. 2021 இல் அரசாங்க வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 9 சதவீதத்துக்கும் கீழே வீழ்ந்தது. இடைவெளியை அச்சடித்த பணம் நிரப்பியது. 2022 ஏப்பிரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறத்தாழ 70 சதவீதத்தால் உயர்ந்திருந்தது. எவரும் வாக்களிக்காத, எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வரி அதுவே. அதற்கு விலக்கெல்லை இல்லை. கூலிக்காரனின் சோற்றுப் பானையிலேயே அது முதலில் அறவிடப்பட்டது.

பின்னர் உண்மையான வரிகள் வந்தன. பெறுமதிசேர் வரி 2022 ஜூனில் 12 சதவீதமாகவும் செப்டம்பரில் 15 சதவீதமாகவும் 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. இறுதி உயர்வோடு, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் எரிபொருளும் வரியினுள் வந்தன. வருமான வரியோ 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்தின் மீது 6 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரை உயரும் படிமுறையில் அமைந்தது. மாதம் 150,000 ரூபா பெறுபவர் 3,500 ரூபாவும் 300,000 ரூபா பெறுபவர் 35,000 ரூபாவும் செலுத்த வேண்டியவராயினர்.

2023 மார்ச்சில் வைத்தியசாலைகள், வங்கிகள், துறைமுகம், பல்கலைக்கழகங்கள் எனப் பல துறைகளிலும் இவ்வருமான வரிக்கெதிராகப் பணிப்புறக்கணிப்பு நடந்தது. உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணியும் தடைப்பட்டது. அவ்வாண்டு பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தோருள் இக்கட்டுரையாசிரியனும் ஒருவன். அக்காத்திருப்பின் கசப்பினால் நான் இதனை எழுதவில்லை. பணிப்புறக்கணிப்புச் செய்தோரின் குறையிலே நியாயம் உண்டு. விலைவாசி அவர்களின் சம்பளத்தின் பெறுமதியை முன்னரே அரித்துவிட்டது. சம்பளத்தில் வாழ்பவனின் வரி அவன் கைக்கு வருமுன் கழிக்கப்படுகிறது. தனியார் தொழில் நடத்துவோரும் வாடகை பெறுவோரும் தம் வருமானத்தை மறைக்க இடமுண்டு. இவ்வநீதியை எடுத்துரைத்தல் சங்கங்களின் கடமையே.

ஆயினும், எழுந்த கோரிக்கைகளுள் மிக உரத்து ஒலித்தது யாது? விலக்கெல்லையை உயர்த்துக, வீதத்தைக் குறைக்குக என்பதே. விட்டுக்கொடுக்கப்படும் அப்பணத்தை யார் செலுத்துவது என்னும் வினாவுக்கு விடை அத்துணை உரத்து ஒலிக்கவில்லை. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி, அது 1,350 ரூபாவாவதற்கு 2024 செப்டம்பர் வரை காத்திருந்தார். அக்காலத்தினுள் பெறுமதிசேர் வரி 8 இலிருந்து 18 ஆகிவிட்டது. அவர் வருமான வரி செலுத்தியவரல்லர்; ஆதலால் வரி செலுத்துவோரின் போராட்டத்திலே அவர் எண்ணப்படவில்லை. ஆனால் சவர்க்காரக் கட்டியிலும் தொலைபேசிக் கட்டணத்திலும் அவர் நாள்தோறும் வரி செலுத்தினார். 2025 ஏப்பிரலில் வருமான வரி விலக்கெல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்தது. பெறுமதிசேர் வரி 18 சதவீதத்திலேயே நின்றது. குரல் உள்ளவர்க்குச் சலுகை கிடைத்தது, குரலற்றவர் செலுத்திக்கொண்டிருந்தார்.

1931 இன் இரண்டாவது பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. அன்று பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் கடன் முறி வைத்திருப்போர் மீது சுமையை ஏற்றுமாறு கேட்டன. 2023 ஜூலையில் நம் நாட்டிலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தபோது, திறைசேரி முறிகளை வைத்திருந்தோருள் அச்சுமை பிரதானமாக ஊழியர் சேமலாப நிதி முதலிய ஓய்வூதிய நிதிகள் மீதே ஏற்றப்பட்டது. பழைய முறிகளைக் குறைந்த வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றாத நிதிகளுக்கு 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி விதிக்கப்படுமென்று கூறப்பட்டது. அதே முறிகளை வைத்திருந்த வங்கிகளும் தனியாரும் விலக்கப்பட்டனர். வங்கித்துறை குலையக் கூடாதென்றும் அது ஏற்கெனவே உயர்ந்த வரி செலுத்துகின்றதென்றும் காரணங் கூறப்பட்டது. சில தொழிற்சங்கங்கள் இதனை எதிர்த்தன. ஆனால் மார்ச்சில் வைத்தியசாலைகளையும் துறைமுகத்தையும் நிறுத்திய அந்த ஒற்றுமை ஜூலையில் காணப்படவில்லை. கொழுந்தெடுப்பவரின் முதுமைக்காலச் சேமிப்பும் அந்நிதியில் அடங்கியிருந்தது. சொத்து, மரபுரிமை ஆகியவற்றின் மீதான வரிகள் சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 இல் செய்த உடன்பாட்டிலே 2025 ஆம் ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்டிருந்தன. 2025 இன் வரவு செலவுத் திட்டத்திலே அவை இடம்பெறவில்லை. அவற்றைக் கேட்டுப் பணிப்புறக்கணிப்புச் செய்தோரும் இலர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு இதுவே. மந்தகாலத்தில் வரியுயர்வு அனைத்தையும் ஆதரித்தலும் பிழை; அனைத்தையும் எதிர்த்தலும் பிழை. மூன்று நிபந்தனைகள் நிறைவேறுமிடத்து அதனை ஆதரிப்பது தொழிற்சங்கங்களின் கடமையாகும். வரி வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்பப் படிமுறையாக அமைதல் வேண்டும். அது வறியோர்க்கான செலவு வெட்டுக்கும் நுகர்வு மீதான வரிக்கும் பதிலாக அமைதல் வேண்டும்; அவற்றோடு கூடுதலாகச் சேர்வதாயின் அதனை ஏற்றல் தகாது. சங்கத்தின் உறுப்பினர் தம் பங்கைத் தாமும் செலுத்த ஆயத்தமாதல் வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையே கடினமானது. நம் ஆசிரியர்களுக்கும், நாளை பட்டம் பெற்றுச் சம்பளப் பட்டியலிலே பெயர் பதியப்போகும் நமக்கும் அது நேரே உரியது. இலவசக் கல்வியில் பயின்று இம்மண்டபங்களுக்கு வந்தவர் நாம். அக்கல்விக்குரிய பணத்தின் ஒரு பகுதி நம்மில் எவரினும் வறிய ஒருத்தி சீனியும் சவர்க்காரமும் வாங்கியபோது செலுத்தியதாகும். எம்மிடம் வரி வேண்டாம் என்று மட்டும் கூறும் சங்கம், அவளிடம் வாங்குக என்று கூறாமற் கூறுகிறது. எம்மிடமும் வாங்குக, எம்மினும் மிக்காரிடம் மிகுதியாக வாங்குக, அவளை விடுக என்று கூறும் சங்கமே தொழிலாளர் இயக்கம் என்னும் பெயருக்கு உரியது. 1931 ஆகஸ்ட் 20 ஆம் திகதி மாலை ஒரு சங்கம் அவ்வாறு கூறியது. அது தோற்றது உண்மையே. ஆயினும், அடுத்த நெருக்கடி வருமுன்னர் நம் சங்கங்கள் அக்கோரிக்கையை மூடிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, வேலைத்தலங்கள் தோறும் உறுப்பினர் தோறும் விளக்கி வளர்க்குமாயின், அன்று தோற்ற கருத்து இங்கே வெல்லுதல் கூடும்.